மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி: எந்தச் செடி, எப்படிக் கொடுப்பது, எதுவரை நம்பலாம்?

கடனாநதி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் என் தம்பிக்கு (வயது 19) காய்ச்சலும் குமட்டலும் இருந்து, பிறகு கண்கள் மஞ்சளாகிச் சிறுநீரும் நிறம் மாறியதால் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். அரசு மருத்துவமனையில் காட்டி இரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வர வேண்டும்.

இதற்கிடையில் எங்கள் ஆச்சி, கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலந்து, காலையில் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும் என்றும், கண் வெளுக்கும்வரை உப்பும் எண்ணெயும் அறவே கூடாது என்றும் சொல்கிறார். ஆச்சி அரைத்துக் கொடுத்த மருந்தில் குணமானதாகச் சொல்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆகவே அவர் சொல்லை ஒதுக்க எனக்கு மனமில்லை. அதே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவும் துணிவில்லை. பக்கத்து ஊரில் மூக்கில் ஏதோ சாறு விட்டு மஞ்சள் நீரை வடியவைக்கிறார்கள், அங்கே கொண்டுபோங்கள் என்றும் உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார்.

என் ஐயங்கள் இவை. வாழைத் தோப்பின் வரப்பில் கீழாநெல்லி மாதிரியே மூன்று செடிகள் முளைத்துக் கிடக்கின்றன. ஆச்சிக்குப் பார்வை மங்கிவிட்டதால் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சரியான செடியை எப்படிக் கண்டுகொள்வது? எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது? உப்பில்லாப் பத்தியம் உண்மையிலேயே தேவையா? ஏழு மாதக் கர்ப்பிணியான மதினியும் இதே வீட்டில் இருக்கிறார். அவருக்கு இது ஒட்டுமா? அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

பச்சைவரப்பு

கடனாநதி அவர்களுக்கு வணக்கம். நான் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவன்; செடியை அடையாளம் காண்பது பற்றி மட்டும் எழுதுகிறேன், மருந்தைப் பற்றிச் சொல்ல வேறு அன்பர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் கீழாநெல்லி என்று வழங்குவது பெரும்பாலும் பில்லாந்தஸ் அமாரஸ் என்னும் செடி. ஒரு முழத்துக்கு மேல் வளர்வது அரிது. நடுத்தண்டு நேராக நிற்கும். அதிலிருந்து பக்கவாட்டில் மெல்லிய சிறுகிளைகள் பிரியும். இலைகள் அந்தச் சிறுகிளைகளின் இரு ஓரத்திலும் மட்டுமே வரிசையாக அமைந்திருப்பதால், ஒவ்வொரு சிறுகிளையும் ஒரே கூட்டிலையைப் போலக் கண்ணை ஏமாற்றும். நடுத்தண்டில் இலை இராது. ஒரு சிறுகிளையைத் திருப்பிப் பிடித்தால், இலைக் கணுக்கள்தோறும் கடுகைவிடச் சற்றுப் பெரிய, வழவழப்பான பச்சைக் காய்கள் குட்டைக் காம்பில் தொங்குவதைக் காணலாம். பொழுது சாய்ந்ததும் இலைகள் மடங்கிக்கொள்ளும். ஆகவே பகல் வெளிச்சத்தில் தேடுவதே நல்லது.

வரப்பில் நீங்கள் பார்க்கும் மற்ற இரண்டும் அநேகமாக இதன் உறவுச் செடிகளாகவே இருக்கும். தண்டும் கிளைகளும் செம்மை படர்ந்து, காய்கள் காம்பே இல்லாதது போல் கிளையோடு ஒட்டி, காயின் தோல் சொரசொரவென்று இருந்தால் அது பில்லாந்தஸ் யூரினேரியா. இலைகள் அடியில் குறுகி நுனியில் அகன்று, வரிசை ஒழுங்கில்லாமல் நடுத்தண்டிலும் முளைத்திருந்தால் அது மேலாநெல்லி. அதன் தாவரப் பெயர் பில்லாந்தஸ் மெட்ராஸ்படென்சிஸ். இவ்விரண்டையும் தள்ளிவிடுவது எளிது. நான்காவதாக பில்லாந்தஸ் டெபிலிஸ் என்று ஒன்று உண்டு. அதுதான் அனுபவசாலிகளையும் குழப்புவது. கைலென்ஸ் வைத்துப் பூவைப் பார்த்தால் அமாரஸுக்கு ஐந்து இதழ்கள், டெபிலிஸுக்கு ஆறு இதழ்கள் இருக்கும். அமாரஸின் இலை நுனி மழுங்கியிருக்கும். டெபிலிஸின் இலை இரு முனையிலும் ஒடுங்கியிருக்கும்.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் ஆகிய வேதிப்பொருள்கள் அமாரஸின் இலையில் மிகுதியாகவும், உறவுச் செடிகள் பலவற்றில் மிகக் குறைவாகவும் இருக்கின்றன. நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த கட்டாக விற்கும்போது இவை எல்லாம் கலந்தே வருகின்றன. காய்ந்து நொறுங்கியபின் பிரித்தறிய நுண்ணோக்கி வேண்டும். பழைய இந்திய நூல்கள் பலவற்றில் இச்செடிக்கு பில்லாந்தஸ் நிரூரி என்று பெயர் எழுதியிருப்பார்கள். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. எனவே அந்தப் பெயரை வைத்து இணையத்தில் படிப்பதெல்லாம் நம் வரப்புச் செடியைப் பற்றியதென்று கொள்ள வேண்டாம். அமாரஸேகூட அமெரிக்க வெப்பமண்டலத்தில் தோன்றிக் கப்பல் வழியே உலகெங்கும் பரவிய களைச்செடி என்று கருதும் தாவரவியலார் உண்டு. அப்படியானால் நம் பண்டை வைத்தியர்கள் கையாண்டது இதன் எந்த உறவுச் செடியை என்ற கேள்வி எழுகிறது. அது தனியே ஆராயத்தக்கது.

குணபாடம்

அம்மா, வணக்கம். நான் சித்த மருத்துவம் முறையாகப் படித்துப் பல ஆண்டுகளாகத் தொழில் செய்பவன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இரத்தம் எடுத்த பிறகே மருந்தைப் பற்றி யோசிக்கிறீர்களே, அந்த வரிசைதான் சரி. கீழாநெல்லியைக் கைவிடச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தச் செடியின் மேல் எனக்குள்ள மதிப்பினால்தான் எழுதுகிறேன். தவறான நோயாளிக்குக் கொடுத்து அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவதை நான் விரும்பவில்லை.

நம் மருத்துவம் காமாலையை ஒரே நோயாக ஒருபோதும் பார்த்ததில்லை. ஊது காமாலை, வறள் காமாலை, கும்ப காமாலை என்று வகை பிரித்து, சிலவற்றைத் தீரும் என்றும் சிலவற்றைத் தீராது என்றும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். நாடி பார்த்து, சிறுநீரைக் கண்ணாடிக் கலத்தில் வாங்கி நீர்க்குறியும் (சிறுநீரின் நிறம், மணம் முதலியவை) நெய்க்குறியும் (அதில் விட்ட எண்ணெய்த் துளி பரவும் விதம்) பார்த்த பிறகே மருந்து முடிவானது. கண் மஞ்சளானதும் செடியைப் பிடுங்கி அரைப்பது என்னும் இன்றைய பழக்கம், அந்த முழுமுறையில் பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொண்டது.

கீழாநெல்லிக்குத் துவர்ப்பும் கைப்பும் புளிப்பும் கலந்த சுவை, தன்மை சீதம், அதாவது குளிர்ச்சி. உடல் வெப்பத்தைத் தணிக்கவும் சிறுநீரைப் பெருக்கவும் உதவும் என்பதால், காமாலைக்கு மட்டுமன்றி நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, வெள்ளைப்படுதல், சீதக்கழிச்சல் ஆகியவற்றுக்கும் வழங்கிவந்திருக்கிறோம். இலையைக் கல்லுப்போடு அரைத்துச் சொறி சிரங்குக்குப் பூசுவதும், செடியின் சாற்றை நல்லெண்ணெயில் காய்ச்சித் தலைமுழுகுவதும் இன்றும் வழக்கில் உள்ளவை. கடல் கடந்த பிரேசிலில் இதன் இனச்செடிகளைக் கல்லுடைக்கும் செடி என்ற பொருளில் அழைத்துச் சிறுநீரகக் கல்லுக்குக் குடிநீராக்கிக் குடிக்கிறார்கள். தொடர்பே இல்லாத இரு நாட்டு மக்கள் சிறுநீர்ப் பாதை நோய்களுக்கு ஒரே இனத்தைத் தேர்ந்தது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

காமாலைக்கு வழங்கும் முறை கற்கம். சமூலத்தை, அதாவது வேர் முதல் காய் வரை முழுச்செடியையும், மண் போகப் பல தடவை கழுவி, நீர் வடித்து, அம்மியில் வெண்ணெய் பதத்துக்கு அரைக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சுண்டைக்காய் அளவில் தொடங்கிச் சிறுநெல்லிக்காய் அளவு வரை, புளிக்காத மோரிலோ காய்ச்சி ஆறிய பாலிலோ கலந்து காலையில் ஒரு வேளை கொடுப்பது வழக்கம். எதற்கும் ஒரு வாரத்தில் மறுபடி நோயாளியைப் பார்த்தே தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வோம். கைப்பிடி கைப்பிடியாக அரைத்துச் செம்பு நிறையக் குடிக்கவைப்பது எங்கள் நூல்களில் இல்லாத வழக்கம். குமட்டலோடு இருக்கும் நோயாளிக்கு அது வாந்தியையும் கழிச்சலையும் கூட்டும். மிக்ஸியில் அரைத்தால் நார் சரியாக மசியாது. அப்போது துணியில் வடிகட்டுவது நல்லது.

யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் எழுதியாக வேண்டும். பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சளுக்கு இதைப் பாலாடையில் புகட்டவே கூடாது. அதற்கு மருத்துவமனையின் ஒளிச் சிகிச்சை இருக்கிறது, தாமதித்தால் மூளை பாதிக்கப்படும். கர்ப்பிணிகளுக்கு நான் கொடுப்பதில்லை. சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. இச்செடிக்குச் சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஓரளவு குறைக்கும் இயல்பு இருப்பதால் மாத்திரையோடு சேர்ந்து அளவு மீறலாம்.

பத்தியத்தைப் பற்றி: வயிற்றில் பசித்தீ மந்தமாக இருக்கும் காலத்தில் எளிதில் செரிக்கும் உணவைக் கொடுப்பதே பத்தியத்தின் நோக்கம். குழைந்த சோறு, மோர், இளநீர், இட்லி, வேகவைத்த நீர்க்காய்கள் போதும். பொரித்தவை, கடும் புளி, காரம், புலால் ஆகியவை பசி திரும்பும்வரை வேண்டாம். மது கூடவே கூடாது. உப்பை அறவே நீக்கும் கடும்பத்தியத்தை நான் இளைஞர்களுக்குச் சொல்வதில்லை. அதன் காரணத்தை அலோபதி மருத்துவர் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

காவிரிக்கரை மருத்துவர்

குணபாடம் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் பொது மருத்துவத் துறையில் பணியாற்றுகிறேன்.

மஞ்சள் என்பது நோயின் பெயரன்று, அடையாளம். இரத்தத்தில் பிலிருபின் சாதாரணமாக ஒரு டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமை ஒட்டி இருக்கும். அது இரண்டரை, மூன்றைத் தாண்டும்போது கண்ணில் நிறம் தெரியத் தொடங்கும். தாண்டுவதற்குக் காரணங்கள் பல: நீர் வழியே வரும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ, இரத்தம் வழியேயும் தாயிடமிருந்து குழந்தைக்கும் வரும் ஹெபடைட்டிஸ் பி, மது, மாத்திரைகளின் நச்சு, பித்தக்குழாயை அடைக்கும் கல் அல்லது கட்டி, சிவப்பணுக்கள் உடைந்துபோவது, மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல். இவற்றுள் கல்லடைப்புக்குத் தேவை எண்டோஸ்கோபி அல்லது அறுவை. எலிக்காய்ச்சலுக்குத் தேவை ஆன்டிபயாட்டிக். இவ்விரண்டுக்கும் மூலிகை கொடுத்துக் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

படுக்கையருகே பார்த்தே ஓரளவு பிரித்தறிய ஒரு குறிப்புச் சொல்கிறேன். வைரஸ் காமாலையில் பெரும்பாலும் கண் மஞ்சளாகும் நேரத்தில் காய்ச்சல் தணிந்துவிடும். மஞ்சள் வந்த பிறகும் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தாலோ, கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலித்தாலோ, கண் மஞ்சளோடு சிவந்தும் இருந்தாலோ எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். மலம் வெளிறி உடலெங்கும் அரிப்பெடுத்தால் பித்தக்குழாய் அடைப்பைத் தேட வேண்டும்.

விடுதியில் தங்கும் 19 வயதுப் பிள்ளைக்கு வந்திருப்பது ஹெபடைட்டிஸ் ஏ ஆகவோ ஈ ஆகவோ இருக்கவே வாய்ப்பு மிகுதி. இவ்விரண்டும் அவ்வயதில் ஏறத்தாழ எல்லாருக்கும் சில வாரங்களில் தாமாகவே தீர்ந்துவிடுபவை. உங்கள் தெருவில் ஆச்சி கையால் குணமானவர்களில் மிகப் பலருக்கு இவையே இருந்திருக்கும். செடி இல்லாமலும் அவர்கள் தேறியிருப்பார்கள். ஆச்சியின் அக்கறையைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஓய்வு, இலகுவான உணவு, மது விலக்கல், பக்கத்தில் இருந்து கவனிப்பவர் ஒருவர் என்று அவர் சேர்த்துக் கொடுத்த மற்ற அனைத்தும் நல்ல சிகிச்சையே.

அறிவியல் இச்செடியைப் புறக்கணித்துவிட்டது என்று சிலர் எழுதுவது சரியன்று. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கே இச்செடியை ஆராய்ந்தவர்களில் ஒருவர். சென்னையில் தியாகராஜன் தலைமையில் நடந்த ஆய்வு 1988இல் லான்செட் என்னும் மருத்துவ ஆய்விதழில் வெளியாயிற்று. அறிகுறியில்லாமல் ஹெபடைட்டிஸ் பி வைரஸைச் சுமந்தவர்களுக்கு பில்லாந்தஸ் அமாரஸ் பொடியை 30 நாள்கள் கொடுத்ததில், மருந்து பெற்ற 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்திலிருந்து அந்த வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. ஒப்பீட்டுக்காக மருந்துப் பொருள் ஏதுமில்லாத வெற்றுமருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் அதன்பின் தாய்லாந்தில் செய்து 1990இல் வெளியிட்ட ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. வேறிடத்து ஆய்வுகளும் கைகொடுக்கவில்லை. 2011இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்து, வெற்றுமருந்தைவிட இது நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பிக்குப் பலனளிக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என்று முடிவு கூறியது. செடியின் இனமும் விளைந்த மண்ணும் பறித்த பருவமும் மாறியதே காரணம் என்று வாதிடுவோர் உண்டு. பச்சைவரப்பு அவர்கள் எழுதியதைப் படித்தால் அந்த வாதத்தை நான் அடியோடு தள்ளமாட்டேன். ஆனாலும் அது மெய்ப்பிக்கப்படும்வரை, ஹெபடைட்டிஸ் பி உள்ளவரிடம் இதை நம்பி இருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அதற்குரிய மாத்திரை அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

உப்புக்கு வருகிறேன். ஏற்கெனவே வாந்தியெடுத்துச் சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு உப்பை அறவே நிறுத்தி நீராகாரம் மட்டும் கொடுத்தால் இரத்தத்தில் சோடியம் சரிந்து, தலைசுற்றல், குழப்பம், வலிப்பு வரை போகலாம். அந்தக் குழப்பத்தை ஈரல் செயலிழப்பின் அறிகுறியிலிருந்து பிரித்தறிவதும் எங்களுக்குக் கடினமாகிவிடும். உப்பைக் குறைக்கச் சொல்வது ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு மட்டுமே. உங்கள் தம்பி வழக்கமான உப்போடு சாப்பிடட்டும். எண்ணெயைக் குமட்டல் தாங்கும் அளவுக்குச் சேர்க்கலாம்.

மூக்கில் சாறு விடும் இடத்துக்குத் தயவுசெய்து போகாதீர்கள். எரிச்சலூட்டும் சாறு மூக்கின் உட்சவ்வைப் புண்ணாக்கும்போது மஞ்சள் நிற நீர் யாருக்கும் வடியும். ஈரலிலுள்ள பித்தம் மூக்கு வழியே வெளியேற வழியே இல்லை. இரத்தம் உறையும் தன்மை குறைந்திருக்கும் நோயாளிக்கு அது நிற்காத இரத்தக் கசிவைக்கூட உண்டாக்கலாம்.

இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையையும் செய்யச் சொல்லுங்கள். பிலிருபின் எவ்வளவு ஏறியது என்பதைவிட ஈரல் எவ்வளவு தாங்குகிறது என்பதை அதுதான் சொல்லும். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சு குழறுவது, பல் ஈறில் இரத்தம், ஓயாத வாந்தி ஆகிய எது தென்பட்டாலும் அந்த நேரமே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காய்ச்சலுக்கென்று பாராசிட்டமாலை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

மதினியைப் பற்றிய கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. ஹெபடைட்டிஸ் ஈ கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளைத் தாக்கினால், நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் இறக்கக்கூடிய அளவுக்குக் கொடியது. டெல்லியில் 1955-56இல் குடிநீரில் கழிவுநீர் கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை பரவியபோதும் அதிகம் இறந்தவர்கள் கர்ப்பிணிகளே. தம்பியின் முடிவு வரும்வரை மதினி வேறு வீட்டில் தங்க முடியுமானால் தங்கட்டும். இல்லையேல் கழிப்பறையைப் பிரித்துக்கொள்ளுங்கள். தம்பிக்குச் சமைப்பவரும் துணி துவைப்பவரும் சோப்பால் கை கழுவாமல் எதையும் தொட வேண்டாம். குடிநீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். மதினிக்கு ஹெபடைட்டிஸ் பி சோதனை ஏற்கெனவே செய்யப்பட்டதா என்று கர்ப்பகால அட்டையில் பாருங்கள்.

வாழைத்தோட்டம்

பெரியவர்கள் விளக்கமாக எழுதியபின் எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் அதை யாரும் தொடவில்லை. செடி வாழைத் தோப்பு வரப்பில் முளைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்களும் வாழை வைத்திருக்கிறோம். களை எடுக்க ஆள் கிடைக்காமல் இன்று தோப்புக்குத் தோப்பு களைக்கொல்லி அடிக்கிறார்கள். அடித்த சில நாள்கள் வரை செடி பச்சையாகவே நிற்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதை வேரோடு பிடுங்கி ஈரல் நோயாளிக்கு அரைத்துக் கொடுப்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. வாழைக்குக் கட்டையிலும் குழியிலும் குருணை மருந்து இடும் வழக்கமும் உண்டு, அது மண்ணில் தங்கும். சாலையோரம், சாக்கடையோரம், எலி நடமாடும் களத்து ஓரம் ஆகிய இடங்களில் முளைத்ததும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் கிணற்றடித் தொட்டி ஒன்றில் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். முற்றிய காயிலிருந்து தெறித்து விழும் விதை தானே முளைக்கும். நிழலும் ஈரமும் இருந்தால் ஆண்டு முழுவதும் கிடைக்கும். பூவும் காயும் ஒருசேர இருக்கும் பருவத்தில் பிடுங்குவோம். என் மாமியார் காமாலைக்கு இதை அரைத்ததைவிட, கோடையில் நீர்க்கடுப்பு வந்த பிள்ளைகளுக்கு ஒரு கொத்தை மோரில் அரைத்துக் கொடுத்ததும், தலைக்கு எண்ணெய் காய்ச்சியதும்தான் அதிகம். அந்த எண்ணெய் இறங்கும் பதத்தை அவர் சத்தத்தை வைத்தே சொல்வார்: சலசலப்பு அடங்கி, அடியில் இருக்கும் கசண்டை விரலில் உருட்டினால் மணல் மணலாக உதிர வேண்டும்.

கடனாநதி

மறுமொழி எழுதிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சோதனை முடிவு வந்துவிட்டது: தம்பிக்கு ஹெபடைட்டிஸ் ஏ. ஈ, பி, சி மூன்றும் இல்லை, ஐ.என்.ஆர். அளவும் சரியாக இருக்கிறது. வீட்டிலேயே ஓய்வெடுக்கச் சொல்லி, ஒரு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் நின்றுவிட்டது, நேற்று முதல் பசிக்கிறது என்கிறான். மதினி அவருடைய அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். அதே மருத்துவமனையிலுள்ள சித்த மருத்துவப் பிரிவிலும் காட்டினோம். அங்குள்ள மருத்துவர் பொடியாகவே கொடுத்து, ஒரு வாரத்துக்குப் பிறகு இரத்தப் பரிசோதனைத் தாளோடு வரச் சொன்னார். ஆச்சியிடம் குணபாடம் ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன். உப்பு விஷயத்தில் சித்த மருத்துவரே அப்படிச் சொல்கிறாரா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, பிறகு அவரே தம்பிக்கு உப்புப் போட்டு மோர் கரைத்துக் கொடுத்தார்.

இன்னும் இரண்டு ஐயங்கள். வீட்டில் மற்றவர்களும் வருமுன் காப்பாகக் கீழாநெல்லி சாப்பிடலாமா என்று ஆச்சி கேட்கிறார். தோட்டத்தில் இனி நாங்களே வளர்த்தால் அதைக் காயவைத்து எடுத்துவைக்கும் முறை என்ன?

காவிரிக்கரை மருத்துவர்

நல்ல செய்தி. முதல் கேள்விக்கு மட்டும் விடை: இச்செடி ஹெபடைட்டிஸ் ஏ தொற்றைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அதற்குத் தடுப்பூசி உண்டு. நோயாளியோடு பழகிய 2 வாரங்களுக்குள் போட்டுக்கொண்டால்கூடப் பயன் தரும். தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கும். ஆச்சி வயதினரில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே இந்நோயைத் தாமறியாமல் கடந்து எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பார்கள். வீட்டிலுள்ள இளையவர்களைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மதினிக்கும் அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கருத்துக் கேட்பது அவசியம். மஞ்சள் தோன்றிய பிறகு ஏறத்தாழ ஒரு வாரம் வரை தம்பியிடமிருந்து பரவும் வாய்ப்பு இருப்பதால் அதுவரை கழிப்பறை ஒழுங்கைத் தளர்த்த வேண்டாம். விடுதிக் காப்பாளருக்கும் தகவல் சொல்லுங்கள். அங்கே குடிநீர்த் தொட்டியைப் பார்க்காவிட்டால் இன்னும் பல பிள்ளைகள் படுப்பார்கள்.

குணபாடம்

நோயில்லாதவர் நாள்தோறும் சாப்பிட வேண்டிய பொருளன்று இது. ஆச்சியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். காயவைக்கும் முறை எளிது. பூவும் காயும் உள்ள செடியைப் பிடுங்கி, வேர்மண்ணைக் கழுவி, துணிமேல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் இலை பழுப்பேறி வீரியம் குறையும். நாளுக்கு இரண்டு தடவை புரட்டிவிடாவிட்டால் அடியில் பூஞ்சணம் பூக்கும். தண்டு ஒடிக்கும்போது சடக்கென்று முறியும் பதம் வந்ததும் இடித்துச் சலித்து, ஈரமில்லாத கண்ணாடிக் குப்பியில் போட்டு, பெயரையும் உலர்த்திய தேதியையும் எழுதி ஒட்டுங்கள். இலை உதிரும்போது பிற செடி கலந்துவிடும் என்பதால், பச்சைவரப்பு அவர்கள் சொன்ன அடையாளங்களைப் பச்சையாக இருக்கும்போதே ஒவ்வொரு செடியிலும் பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள். சிறு வண்டு விழுந்ததையும், நிறம் மங்கிக் கசப்புக் குன்றியதையும் தயங்காமல் எருக்குழியில் கொட்டிவிட வேண்டும்.